கமிட் வரலாற்றைத் திருத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது?

மதுரை மல்லிக்கு நாள் முழுக்க ஒரே விலை நிற்காது. வரத்தைப் பார்த்து, முகூர்த்த நாளைப் பார்த்து ஏறும், இறங்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைக் குறித்துவைத்து சராசரி காட்டும் செயலி ஒன்றை, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் நாலு பேர் சேர்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் மென்பொருள்தான் கிட்; அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். அவர்களில் ஒருவர் செய்த வேலை கிட்டில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: "கிலோ விலை சராசரி", "எழுத்துப்பிழை", "பாதிதான் முடிந்தது, நாளைக்குப் பார்க்கலாம்", "திரும்பவும் எழுத்துப்பிழை", "சரியாகிவிட்டது".

வேலை நடக்கும்போது இப்படி அடிக்கடி கமிட் போடுவது நல்ல பழக்கம். ஆனால் அப்படியே குழுவின் பொது பிராஞ்சுக்கு, அதாவது எல்லோரும் பகிரும் கமிட் வரிசைக்குப் போனால், ஆறு மாதம் கழித்து சராசரி ஏன் தப்பாக வருகிறது என்று தேடுபவருக்கு இந்த ஐந்து வரிகளும் ஒன்றுமே சொல்லாது. அதைவிட மோசம், மூன்றாவது கமிட்டில் நிரல் ஓடவே ஓடாது. கிட் பைசெக்ட் என்ற வசதி, ஆயிரம் கமிட்டுகளுக்குள் பிழை நுழைந்த இடத்தை, பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய் சுமார் 10 சோதனையில் பிடித்துக் கொடுக்கும். நடுவில் இப்படி ஓடாத கமிட்டுகள் கிடந்தால் அது தடுமாறும்.

எனவே பகிர்வதற்கு முன் ஒழுங்குசெய்ய வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று புரிய, கமிட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதினார். அதில் ஒவ்வொரு கமிட்டும் அந்த நேரத்தில் எல்லாக் கோப்புகளும் இருந்த நிலையைச் சுட்டும். கூடவே எழுதியவர் பெயர், நேரம், செய்தி, முந்தைய கமிட்டின் அடையாளம் எல்லாம் இருக்கும். இவை அத்தனையையும் எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கில் போட்டால் 40 எழுத்துள்ள ஒரு ஹாஷ் வரும். அதுதான் அந்தக் கமிட்டின் அடையாளம். செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். முந்தையதன் ஹாஷ் அடுத்ததற்குள் இருப்பதால், அதற்குப் பின்னால் வரும் எல்லாமே மாறும். தொடுத்த சரத்தின் நடுவில் ஒரு பூவை மாற்ற, அங்கிருந்து பிரித்துத் திரும்பக் கட்டுவது போலத்தான். ஒரே வித்தியாசம், கிட் பழைய சரத்தைப் பிரிப்பதே இல்லை. அதை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது.

இப்படித் திருத்திக் கட்டும் கட்டளை ரீபேஸ். "git rebase -i HEAD~5" என்று கொடுத்தால் கடைசி ஐந்து கமிட்டுகளும் எடிட்டரில் பட்டியலாக வரும். கமிட் வரலாற்றைக் காட்டும் லாகில் பார்ப்பதற்கு நேர்மாறாக, பழையது மேலே இருக்கும். புதியவர்கள் குழம்பும் இடம் இது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'பிக்' என்று இருக்கும். அப்படியே விட்டால் அந்தக் கமிட் தங்கும். 'ரீவேர்ட்' செய்தியை மட்டும் மாற்றும். 'ஸ்க்வாஷ்' மேலே உள்ள கமிட்டோடு சேர்த்து, இரண்டு செய்திகளையும் திருத்தக் கொடுக்கும். 'ஃபிக்ஸப்' சேர்த்துவிட்டுத் தன் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடும். நம் உதாரணத்தில் முதல் வரிக்கு ரீவேர்ட், மற்ற நான்குக்கும் ஃபிக்ஸப் போட்டால் போதும். சேமித்து மூடியதும், கிட் அந்த ஐந்துக்கு முந்தைய கமிட்டுக்குப் போய், மாற்றங்களை ஒவ்வொன்றாக மறுபடி பதித்துப் புதிய கமிட் எழுதும். கடைசியில் பிராஞ்சின் பெயரை அங்கே நகர்த்திவைக்கும். அவ்வளவுதான். பழைய முனைக்கும் புதிய முனைக்கும் டிஃப் போட்டு வேறுபாடு பார்த்தால் எதுவும் வரக்கூடாது. வந்தால் எங்கோ எதையோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

பழைய ஐந்தும் உடனே அழிவதில்லை. பிராஞ்சின் முனை எங்கெல்லாம் இருந்தது என்று கிட் குறித்துவைக்கும் ரெஃப்லாகில் பழைய முனையின் ஹாஷ் இருக்கும். கிட் அமைப்பை மாற்றாதவரை, இப்படித் தனித்துப்போன பதிவுகளை அது 30 நாள் வைத்திருக்கும். பிராஞ்சை அந்த ஹாஷுக்கு ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பிவிடும். இது தெரிந்துவிட்டால் ரீபேஸைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. ஏற்கெனவே புஷ் செய்த, அதாவது பொது சர்வருக்கு அனுப்பிவிட்ட பிராஞ்சை இப்படித் திருத்தி மறுபடி அனுப்பினால், சக ஊழியரின் கணினியில் பழைய சங்கிலியும் சர்வரில் புதியதும் இருக்கும். அவர் அதன்மேல் வேலை செய்திருந்தால், ஒரே மாற்றம் இரண்டு தடவை வந்து நிற்கும். எனவே பலரும் பயன்படுத்தும் பிராஞ்சில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனக்கென்று வைத்திருக்கும் பிராஞ்சுக்குக்கூட சர்வரில் இருப்பதைப் பார்க்காமலே மாற்றிவிடும் வெறும் ஃபோர்ஸ் புஷ் வேண்டாம். 'ஃபோர்ஸ் வித் லீஸ்' கொடுங்கள். நாம் கடைசியாகப் பார்த்த பிறகு சர்வரில் யாராவது எதையாவது சேர்த்திருந்தால் அது மறுத்துவிடும். ஆனால் சில எடிட்டர்கள் நமக்குத் தெரியாமலே பின்னணியில் ஃபெட்ச் செய்துகொண்டிருக்கும், அதாவது சர்வரில் உள்ள புதியவற்றை இறக்கிக்கொண்டிருக்கும். அப்போது நாம் பார்க்காததையும் பார்த்ததாகக் கிட் எடுத்துக்கொள்ளும், இந்தக் காவலும் வேலை செய்யாது. எனவே திருத்தத் தொடங்குவதற்கு முன்பே அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.