கூ தெத்தா: ராணுவப் புரட்சியா, ஆட்சிப் பறிப்பா?

போன வாரம் சிலி வரலாறு பற்றி ஒரு தமிழ்க் காணொளி பார்த்தேன். நல்ல உழைப்பு. ஆனால் பத்து நிமிடத்துக்குள் ஆறேழு முறை ‘1973 ராணுவப் புரட்சி’ என்று சொல்லிவிட்டார்கள். செய்திகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய தொடர்தான், இந்த முறை பொறுக்க முடியவில்லை.

இதன் மூலச்சொல் பிரெஞ்சு: coup d'état, அதாவது கூ தெத்தா. கூ என்றால் அடி, எத்தா என்றால் அரசு. 17-ஆம் நூற்றாண்டில் இது அரசனே சட்டத்தை ஒதுக்கிவிட்டு எடுக்கும் திடீர் நடவடிக்கையைக் குறித்தது. 1799-இல் நெப்போலியன், 1851-இல் அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் என்று அடுத்தடுத்து அதிகாரத்தைப் பிடுங்கிக்கொள்ள, ஆட்சியைச் சட்டத்துக்குப் புறம்பாகத் திடீரென்று பிடிப்பது என்ற இன்றைய பொருள் நிலைத்துவிட்டது.

சரி, புரட்சி என்றால்? வறள் வறட்சி ஆனதுபோல, புரள் புரட்சி ஆனது. கீழே கிடந்தது மேலே வருவது. 1789-இல் பாரிஸ் மக்கள் திரண்டுபோய் பாஸ்டீல் கோட்டையைப் பிடித்தார்களே, அது புரட்சி. சிலியில் என்ன நடந்தது? மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தே. ஆகஸ்டு கடைசியில் அவரே தரைப்படைத் தளபதியாக நியமித்தவர் பினோசே. மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 11 அன்று சொந்த நாட்டின் போர் விமானங்களே அதிபர் மாளிகை மேல் குண்டு போட்டன. அயெந்தே வானொலியில் மக்களிடம் விடைபெற்றுப் பேசினார், அன்றே மாளிகைக்குள் இறந்தார். அப்புறம் 1990 வரை பினோசே ஆட்சி. 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். இதில் எது புரண்டது? இதைப் புரட்சி என்பது பறித்தவனுக்கு நாமே மாலை போடுவது. பறித்தவர்களுக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும்; 1969-இல் லிபியாவில் ஆட்சியைப் பிடித்த கடாபியும் அதைப் புரட்சி என்றுதான் சொல்லிக்கொண்டார்.

இலங்கையில் ‘சதிப்புரட்சி’ என்பார்கள். 1962-இல் பிரதமர் சிறிமாவோவின் அரசைக் கவிழ்க்க அதிகாரிகள் முயன்றதற்கும் அதே பெயர்தான். சதி என்ற சொல் இருப்பதால் பாதி தேவலை, ஆனால் புரட்சி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு’ என்று எழுதுபவர்கள் கவனமானவர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்தித் தலைப்பாக மட்டும் படித்துப் பாருங்கள்: ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததா, ராணுவ ஆட்சி கவிழ்ந்ததா? நேர் எதிரான இரண்டு செய்திகள்! போதாக்குறைக்கு, சட்டமன்றத்தில் நாலு பேர் கட்சி மாறி அரசு விழுந்தாலும் நாம் ஆட்சிக் கவிழ்ப்பு என்றுதான் சொல்கிறோம்.

அதனால் நான் ‘ஆட்சிப் பறிப்பு’ என்று எழுதுகிறேன். வழிப்பறி, நிலப்பறிப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள், விளக்கமே வேண்டாம். ராணுவத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் வினையாகவே சொல்லுங்கள்: ‘ராணுவம் ஆட்சியைப் பறித்தது.’ மொழிபெயர்ப்பாளர்கள் எதற்கெடுத்தாலும் பெயர்ச்சொல்லை அடுக்கிக் குழப்புகிறார்கள், தமிழில் வினை இருக்கிறது, யார் செய்தார் என்று தெளிவாகச் சொல்லும்.

‘ராணுவப் புரட்சி’ என்ற தொடரையே தூக்கிப்போடச் சொல்லவில்லை. 1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகலில் இளம் ராணுவ அதிகாரிகள் 48 ஆண்டு சர்வாதிகாரத்தை வீழ்த்தினார்கள். மக்கள் தெருவுக்கு வந்து சிப்பாய்களின் துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூ செருகினார்கள். அதற்கு வைத்துக்கொள்வோம் அந்தத் தொடரை.