தீர்மானத்தின் இணைப்பைப் படித்துவிட்டு வாருங்கள்

நகரமைப்புப் பொறியாளராக இருபது வருடங்களுக்கும் மேலாக நகர்மன்றக் கூட்டங்களில் உட்கார்ந்து வருகிறேன். உறுப்பினர்களுக்குப் பின்வரிசையில், மடியில் வரைபடக் கட்டோடு, கேள்வி வந்தால் எழுந்து விளக்கம் சொல்கிற வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் ஒரு விஷயம் இன்னும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொதுமக்கள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள், நியாயமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேச எழுந்திருக்கும்போது காரியம் முக்கால்வாசி முடிந்திருக்கிறது. தீர்மானத்தின் வாசகம் இரண்டு வரிதான். அதோடு சேர்த்துக் கட்டிய நாற்பது பக்க இணைப்பில்தான் நடைபாதை எவ்வளவு, படிக்கட்டு எவ்வளவு, மரக்குழி எவ்வளவு என்பதெல்லாம் எழுதியிருக்கும். மன்றம் கைதூக்குவது அந்த அளவுகளுக்குத்தான். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு.

ஒரு கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. பிரதான சாலை ஒன்றைச் சீரமைக்கும் தீர்மானம். நடுத்திட்டில் என்ன செடி வைப்பது, விளக்குக் கம்பத்துக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசியில் கைத்தடியோடு ஒரு அம்மா எழுந்தார். "பச்சை விளக்கு எனக்குப் பத்தலைங்க. பாதி ரோட்டுல நிக்கிறப்பவே வண்டியெல்லாம் கிளம்பிடுது" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கவனத்தில் எடுத்துக்கொள்வதாகத் தலைவர் சொன்னார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தீர்மானத்தின் இணைப்பில், சிக்னல் கணக்கு இருக்கும் பக்கத்தில், 'பாதசாரி நடை வேகம்: வினாடிக்கு 1.2 மீட்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். பழைய கையேடுகளிலிருந்து வழிவழியாக வந்த எண் அது. எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவை அதே சந்திப்புக்கு வரச் சொல்லி, கூடவே நடந்தேன். சாலையின் அகலம் 14 மீட்டர். என் கணக்குப்படி 12 வினாடி போதும். அவர் கடந்து முடிக்க 20 வினாடி ஆனது. அதில் முதல் மூன்று வினாடி நடைபாதை விளிம்பிலிருந்து இறங்குவதற்கே போய்விட்டது. தடியைக் கீழே ஊன்ற வேண்டும், ஒரு காலை இறக்க வேண்டும், அது நிலைத்த பிறகு மறு காலை. நடுச்சாலையை நெருங்கும்போது அவர் சிக்னலைப் பார்க்கவே இல்லை. வண்டிகளின் சக்கரங்களைத்தான் பார்த்தார், அவை உருள ஆரம்பித்துவிட்டனவா என்று.

அமெரிக்காவில் சிக்னல்களுக்கான தேசியக் கையேட்டில் இந்த நடை வேகம் வினாடிக்கு 4 அடி என்று இருந்தது. அதாவது அதே 1.2 மீட்டர். 2009 பதிப்பில் அதை 3.5 அடியாகக் குறைத்தார்கள். மெதுவாக நடப்பவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் வழக்கமாகக் கடக்கும் இடமென்றால் அதைவிடவும் குறைவான வேகத்தை எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அப்படிக் குறைத்துக் கணக்குப் போட எந்தப் பெரிய செலவும் இல்லை. யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது இது. சந்திப்பில் வண்டி நிறுத்தும் பட்டையாக இருந்த இடத்தில் நடைபாதையை இரு பக்கமும் இரண்டு இரண்டு மீட்டர் முன்னுக்கு இழுத்தோம். கடக்க வேண்டிய தூரம் 10 மீட்டராகிவிட்டது. விளிம்பையும் சரிவாக்கினோம். இப்போது வினாடிக்கு 0.7 மீட்டர் என்று அந்த அம்மாவின் வேகத்துக்கே கணக்குப் போட்டாலும் 15 வினாடிக்குள் முடிகிறது. பச்சை நேரத்தில் கூடியது மூன்று வினாடிதான், அதனால் போக்குவரத்துப் பிரிவும் மறுக்கவில்லை. முனை குறுகியதால் திரும்புகிற வண்டிகளும் வேகத்தைக் குறைத்தாக வேண்டியிருக்கிறது. தீர்மானம் வேலைக்குப் போகும் முன்பே திருத்திவிட முடிந்தது நல்லகாலம். கான்கிரீட் போட்ட பிறகென்றால் பதினைந்து வருடம் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. நடைபாதை விளிம்பு 15 சென்டிமீட்டர் உயரம் என்றால், பரவலாகப் பின்பற்றப்படும் 12க்கு 1 என்ற சரிவுக்கு, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளத்துக்கு, 1.8 மீட்டர் வேண்டும். வரைபடத்தில் 'சாய்தளம்' என்று மட்டும் எழுதி நீளம் எழுதாமல் விட்டிருந்தால், களத்தில் அரை மீட்டரில் செங்குத்தாக ஒரு மேடு வரும். சக்கர நாற்காலி அதில் ஏறாது. ஏறினாலும் பின்னால் சாயும்.

கட்டட விதிகளுக்கு வருகிறேன். இங்கேதான் மக்கள் சலித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தமாக இருப்பதும் இங்கேதான். விதிப்புத்தகத்தின் பல வரிகளுக்குப் பின்னால் செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். 1666இல் லண்டன் நகரம் எரிந்து பதிமூன்றாயிரம் வீடுகளுக்கு மேல் போன பிறகுதான், அடுத்த வருடமே வந்த சட்டம் செங்கல்லிலும் கல்லிலும்தான் கட்ட வேண்டும் என்றது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. தீ பிடித்தது எட்டாவது மாடியிலிருந்து மேலே. தீயணைப்பு ஏணி எட்டியது ஆறாவது மாடி வரை. வெளியேறும் கதவு பூட்டியிருக்கக் கூடாது, எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் கறாராக இருப்பது இப்படிப்பட்ட சாவுகளால்தான்.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தபோது 72 பேர் இறந்தார்கள். 24 மாடிக்கு இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. சுவரை மூடியிருந்த வெளிப்பூச்சுப் பலகைகள் வழியே தீ மேலே ஏறியது. தீ ஆபத்து பற்றி அங்கே குடியிருந்தவர்கள் முன்பே எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பதுதான் என்னைப் போன்றவர்களைத் தலைகுனிய வைக்கிறது. இங்கிலாந்தில் 18 மீட்டரும் அதற்கு மேலும் உயரமான புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என்று வழிகாட்டு விதியை இப்போது மாற்றியிருக்கிறார்கள். 2026 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறை.

மன்றத்துக்கு இந்த விஷயம் எப்படி வரும் தெரியுமா? 'இன்ன கட்டடத்துக்கு மட்டும் விதிவிலக்கு' என்று ஒற்றை வரியில் வரும். படிக்கட்டு அகலத்தில் 20 சென்டிமீட்டர் குறைவு, பக்க இடைவெளியில் ஒரு மீட்டர் குறைவு என்று விவரமெல்லாம் இணைப்பில் இருக்கும். கேட்பவருக்குச் சின்ன சலுகை மாதிரிதான் தெரியும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வழி புகையால் அடைபட்டால், மேல்மாடியில் இருப்பவர் வேறு எந்த வழியாக இறங்குவார்? அந்தக் கேள்வி குறிப்பேட்டில் பதிவானால், பதிலையும் எழுத்தில் தந்தாக வேண்டும். எழுத்தில் தர வேண்டும் என்றதும் பல விண்ணப்பங்கள் தானாகவே திருத்தப்பட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக எல்லா விதியும் தொடக்கூடாதவை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்கிற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர், அது உள்ளே வந்து திரும்புகிற வழியையும் சேர்த்தால் 25க்கு மேல் போகும். சின்னக் குடும்பம் ஒன்று இருக்க அந்த இடம் போதும். கார் இல்லாதவரும் வாடகையில் அதற்குப் பணம் கட்டுகிறார். 2017இல் மெக்சிகோ சிட்டியும் அமெரிக்காவின் பஃபலோ நகரமும் இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆக, ஒரு விதியைத் தளர்த்தச் சொன்னால் முதலில் அது எதற்காக வந்தது என்று பாருங்கள். உயிருக்காக வந்ததா, வசதிக்காக வந்ததா என்பது தெரிந்துவிட்டால் எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பூங்காவைப் பொறுத்தவரை ஒரு விஷயம் மட்டும். வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் பசுமையான பொதுவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொன்ன அளவு. எங்கள் வரைபடங்களில் பூங்காவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டுவோம், வட்டத்துக்குள் வருகிற வீடெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் ஆளுக்குச் சிறகு இல்லை. கேட் மறுபக்கம் இருந்தால் மதிலைச் சுற்றிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். புதுப் பூங்கா கேட்பதற்கு முன் இருக்கிற பூங்காவுக்கு இன்னொரு கேட் கேளுங்கள். அப்புறம், தண்ணீர் ஊற்றுவதற்கும் காவலுக்கும் ஆண்டுச் செலவு அதே தீர்மானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்றாவது வருடம் அந்தக் கேட்டில் பூட்டுத் தொங்கும்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். பொதுக்கூட்டத்தில் பேசுவதைவிட, அதற்கு முன் கூடும் பணிகள் குழு பார்க்கும்போதே எழுதிக் கொடுப்பது பல மடங்கு பலன் தரும். அங்கே வரைவு இன்னும் பென்சிலில்தான் இருக்கும். பொதுக்கூட்டத்தில் சர்ச்சை இல்லாத பொருள்கள் என்று ஒரு கொத்தை மொத்தமாகப் படித்து ஒரே மூச்சில் நிறைவேற்றுவார்கள். உங்கள் தெரு அந்தக் கொத்துக்குள் இருந்தால், அதைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லி உங்கள் உறுப்பினரிடம் முன்கூட்டியே கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பட்ஜெட்டுக்கும் இதே கதைதான். பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரில் 1989இல் மக்கள் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியபோது, பணத்தை எதற்கு முதலில் ஒதுக்குவது என்பதைப் பகுதிவாரியாகக் கூடிப் பேசினார்கள். பட்ஜெட் மன்றத்துக்குப் போகும் முன்பே அந்தப் பேச்சு முடிந்திருந்தது.

எழுதிக் கொடுக்கும் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு வந்ததில் மிகச் சிறந்த கடிதம் ஒரு கட்டம்போட்ட நோட்டுத்தாள். எழுதியவர் ஒரு குழந்தையின் அப்பா. குழந்தை சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகிறது. இணைப்பில் இருந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறார், டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளந்திருக்கிறார். நடைபாதை, சுவர், புதிதாக வரப்போகும் விளக்குக் கம்பம் மூன்றையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வரைந்து, கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே 70 செ.மீ. என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். கீழே இரண்டே வரி: 'நாற்காலி போக 90 வேண்டும். கம்பத்தைச் சாலை ஓரமாக 25 செ.மீ. தள்ளி வைத்தால் நாங்கள் போய்க்கொள்வோம்.'

அந்தத் தாளைக் குழுக் கூட்டத்தில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. வரைபடம் திரும்ப என் மேசைக்கு வந்தது, அந்த வரிசையில் இருந்த பதினொரு கம்பங்களையும் தள்ளி வரைந்து அடுத்த மாதம் கொண்டுபோனேன்.