தூசி இல்லையேல் ஷாம்பெய்ன் குமிழி இல்லை

பாரிஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆபீஸ் ஆட்களோடு ஒருநாள் சுற்றுலாவாக, ஷாம்பெய்ன் என்ற பொங்கும் ஒயின் தயாராகும் அதே பெயர்ப் பகுதிக்குப் போனோம். மூன்று இடங்களில் ஒயின் சுவைக்கக் கொடுத்தார்கள். எனக்குப் பழக்கமில்லை, அதனால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அடியில் ஒரே புள்ளியிலிருந்து வரிசையாகக் குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவர் கிளாஸில் வேறு இடத்திலிருந்து. அந்தப் புள்ளியில் அப்படி என்ன இருக்கிறது? குமிழி பொடியாக இருந்தால் சரக்கு உசத்தி என்று வழிகாட்டிப் பெண் சொன்னார், அது உண்மையா?"

குடித்தவர்கள் விட்டுவிட்ட கேள்வியைக் குடிக்காதவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்குப் பதில் பாதி உண்மை என்பதுதான், அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் கேள்விக்குப் பதில்: அந்தப் புள்ளியில் இருப்பது அநேகமாகத் தூசி. கிளாஸைத் துடைத்த துணியிலிருந்து ஒட்டிக்கொண்ட, அல்லது காற்றில் மிதந்து வந்து உட்கார்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு பஞ்சிழை.

அதை விளக்குவதற்கு முன்னால், குமிழியாகும் வாயு ஒயினுக்குள் எப்படிப் போனது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸின் கார் து லெஸ்த் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஷாம்பெய்ன் பகுதியின் பெரிய ஊரான ரெய்ம்ஸ். அங்கிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு திராட்சைச் சரிவுகள், ஓவிலேர் கிராமம், எபெர்னே ஊர் என்று காட்டுவார்கள், நடுவில் ஏதாவது ஒரு நிலவறைக்குள் இறக்கிவிடுவார்கள். ஷர்தொனே, பினோ நுவார், மெனியே, இந்த மூன்று வகைத் திராட்சைதான் அங்கே பெரும்பாலும். கொடிகளுக்குக் கீழே இருப்பது வெள்ளைச் சுண்ணப்பாறை. நுண்துளை நிறைந்த பாறை, ஒரு கன மீட்டரில் 300 முதல் 400 லிட்டர் வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்தப் பாறையை வெட்டியெடுத்த பழைய குழிகளைத்தான் ரெய்ம்ஸில் நிலவறைகளாக்கியிருக்கிறார்கள். கோடையோ பனியோ, உள்ளே வெப்பநிலை 10, 12 டிகிரியைத் தாண்டாது. 2015இல் இந்தச் சரிவுகளையும் நிலவறைகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஓவிலேர் மடத்தில் இருந்த டோம் பெரின்யோன் என்ற துறவிதான் குமிழியைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்லுவார்கள். நம்ப வேண்டாம். அவர் அந்த மடத்துக்கு வந்தது 1668இல். அதற்கு 6 வருடம் முன்பே, 1662இல், கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஒயினில் சர்க்கரை சேர்த்துப் பொங்க வைப்பதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டார். பெரின்யோனுக்குக் குமிழி ஒரு தொல்லை, அது வராமல் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார்.

செய்முறை எளிது. ஒருமுறை நொதித்து முடிந்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து, பாட்டிலில் ஊற்றி, மூடிவிட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். எடைக்கணக்கில் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி வாயுவாக மாறும், ஆக லிட்டருக்கு 12 கிராம். மூடிய பாட்டிலில் அது எங்கே போகும்? கரைந்துதான் ஆக வேண்டும். உள்ளே அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம், அதாவது கார் டயரில் அடிப்பதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. குறைந்தது 12 மாதம் இப்படி ஈஸ்ட்டோடு கிடக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு செத்த ஈஸ்ட்டைக் கழுத்துப் பக்கம் இறக்கி, கழுத்தை உறைய வைத்து, அந்த ஐஸ் கட்டியோடு வெளியே தள்ளிவிட்டு, கார்க் அடிக்கிறார்கள்.

இப்போது கார்க்கைத் திறக்கிறோம். ஒரு 750 மில்லி பாட்டிலில் கரைந்திருக்கும் 9 கிராம் வாயு வெளியே வந்தால் கிட்டத்தட்ட 5 லிட்டர் இடத்தை அடைக்கும். வெளி அழுத்தம் 6லிருந்து 1க்கு விழுந்துவிட்டது, வாயுவுக்கு வெளியேறியே தீர வேண்டிய நிலை. ஆனாலும் திரவத்தின் நடுவில் குமிழி தானாக உண்டாவதில்லை. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குமிழி என்றால் திரவத்துக்குள் ஒரு புதுப் பரப்பு உண்டாக வேண்டும், அதைப் பரப்பு இழுவிசை சுருக்கப் பார்க்கும். குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு கடுமையாக நெருக்கும். ஆரம் 1 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உள்ள குமிழிக்குள் வெளியைவிட ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடுதலாக இருக்கும். ஆரம் 0.2 மைக்ரோமீட்டர் என்றால் 5 வளிமண்டலம். நாலைந்து மூலக்கூறுகள் சேர்ந்து நானோமீட்டர் அளவில் குமிழியாகப் பார்த்தால், அது தாக்குப்பிடிக்க நூற்றுக்கணக்கான வளிமண்டலம் வேண்டும். ஷாம்பெய்னிடம் இருப்பதோ 5, 6தான். எனவே 0.2 மைக்ரோமீட்டரைவிடச் சிறிய குமிழி பிறந்த கணமே நசுங்கிக் கரைந்துவிடும், பெரியது மட்டுமே வளரும். சின்னதாகப் பிறந்து பெரிதாக வளர வழியில்லை, முதலிலேயே பெரிதாக இருந்தாக வேண்டும்!

இங்கேதான் பஞ்சிழை வருகிறது. பருத்தி இழை உள்ளே பொள்ளலானது. சுமார் 100 மைக்ரோமீட்டர் நீளத்தில், நடுவில் மெல்லிய குழாய். ஒயினை ஊற்றும்போது திரவம் இழையை மூடிக்கொண்டு போகிற வேகத்தில் குழாய் முழுதும் நனைய நேரம் கிடைப்பதில்லை, உள்ளே ஒரு துளிக் காற்று மாட்டிக்கொள்கிறது. 0.2 மைக்ரோமீட்டர் என்ற வரம்பைவிட அது பல மடங்கு பெரியது. சுற்றிலும் தவித்துக்கொண்டிருக்கும் கரியமில வாயு இந்தக் காற்றுக்குள் நுழைகிறது. காற்றுப்பை குழாய்க்குள்ளேயே நீண்டு நீண்டு வாய்க்கு வந்ததும், முனையில் ஒரு குமிழி உருண்டு, கழுத்து இறுகி, அறுந்து மேலே போகிறது. அறுந்த பிறகு மிச்சக் காற்று குழாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. மறுபடி வாயு நுழைகிறது, நீள்கிறது, அறுகிறது. ஊற்றிய புதிதில் ஒரு நல்ல இழை நொடிக்கு 30 குமிழி வரை விடும். வாயு குறையக் குறைய வேகமும் குறையும்.

ரெய்ம்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே பெலேர் பல வருடங்களாக இதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து ஆராய்ந்து வருகிறார். அவர் சொல்லித்தான் நாமும் கவனிக்கிறோம்: வரிசையின் அடியில் குமிழிகள் நெருக்கமாகவும், மேலே போகப் போக இடைவெளி விட்டும் இருக்கும். கிளம்பும்போது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுதான். ஏறும் வழியெல்லாம் வாயுவைச் சேர்த்துக்கொண்டு பருக்கிறது, பருத்தால் மிதப்பு கூடும், வேகமும் கூடும், பின்னால் வருவது பிந்திவிடும். மேலே வரும்போது ஒரு மில்லிமீட்டர் விட்டம். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தாலும், வெளியேறும் வாயுவில் குமிழி வழியாகப் போவது சுமார் 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் மேற்பரப்பிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது.

வழிகாட்டி சொன்னதற்கு வருவோம். குமிழியின் அளவு கரைந்திருக்கும் வாயுவையும், அது ஏறும் உயரத்தையும் பொறுத்தது. பல வருடம் நிலவறையில் கிடந்த பாட்டிலில் மூடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாயு கசிந்திருக்கும், அதனால் குமிழி பொடியாக வரும். பழையது பெரும்பாலும் விலை கூடியது, அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் சாதாரணச் சரக்கைக் குட்டையான கிளாஸில் ஊற்றினாலும் குமிழி சிறுத்துவிடும், அதை வைத்துத் தரம் சொன்னால் எப்படி?

குமிழி உடைவதும் வீணில்லை. மேல்தோல் கிழிந்ததும் குழி மூடிக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு தாரை கிளம்பி, நுண்துளிகளை நாலைந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வீசுகிறது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் ஊசி குத்துகிற மாதிரி உணர்வதில் இதற்கும் பங்குண்டு. அந்தத் துளிகளில் மணம் தரும் மூலக்கூறுகள் ஒயினில் இருப்பதைவிடச் செறிவாக இருக்கின்றன என்று லிஜே பெலேர் குழு 2009இல் காட்டியது. கடலலை நுரையிலும் இதே கதைதான். குமிழி உடைந்து உப்புத்துளிகள் காற்றில் ஏறுகின்றன, மேகம் உருவாவதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் சோடாக் குமிழியை ஆராயப் பணம் கேட்டால் நிதிக்குழு சிரித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுக்கும் என்பது என் சந்தேகம். "இதனால் என்ன பயன்?" என்று முதல் வரியிலேயே கேட்பவர்களிடம் நிதி இருக்கிற வரை இப்படித்தான்.

மூடநம்பிக்கைக்கு மட்டும் எங்கும் பஞ்சமில்லை. மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து மண்ணில் புதைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் திராட்சைத் தோட்டங்கள் பிரான்ஸில் நிறைய உண்டு. 1924இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி ஆற்றிய உரைகளிலிருந்து வந்த பழக்கம் இது. சாணம் உரம், மறுக்கவில்லை. கொம்பு வழியாக அண்டத்தின் ஆற்றல் இறங்குகிறது என்பதற்குத்தான் ஆதாரம் கிடையாது.

சரி, நீங்களே சோதிக்க வேண்டுமானால் ஒயின் தேவையில்லை, சோடா போதும். ஒரு கண்ணாடி டம்ளரை நன்றாகக் கழுவி, கவிழ்த்து, துணி படாமல் உலர விடுங்கள். இன்னொன்றைப் பருத்தித் துண்டால் துடையுங்கள். இரண்டிலும் மெதுவாக ஊற்றி, பக்கவாட்டில் வெளிச்சம் பட வைத்துப் பாருங்கள், துடைத்ததில் வரிசைகள் அதிகம் தெரியும். இதனால்தான் சில கிளாஸ் கம்பெனிகள் தூசியை நம்பாமல், கிளாஸின் அடியில் லேசரால் கீறல் போட்டே விற்கின்றன. அடுத்த முறை அடிநடுவிலிருந்து மட்டும் ஒழுங்காகக் குமிழி கிளம்பினால், கிளாஸைத் தூக்கி அடியைப் பாருங்கள், வட்டமாக ஒரு கீறல் இருக்கலாம்.