நித்திரை வராத எல்லோருக்கும் ஒரே குளிசையா?

கல்லடியில் இருக்கும் என் மாமியின் தலையணைக்குக் கீழே எப்போதும் ஒரு குளிசை அட்டை கிடக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றைப் பிரித்து, மரக்கறி வெட்டும் கத்தியால் பாதியாக்குவார். ஒரு பாதி வாய்க்குள் போகும், மற்றது கடதாசியில் சுற்றி நாளைக்கு. மாமா தவறிய நேரம் இரண்டு கிழமைக்கென்று எழுதித் தந்த டயசிபாம் அது. நாலு வருடம் ஓடிவிட்டது. "இது இல்லாட்டி கண் மூடாது மனே" என்பார். அதைப் போட்டும் விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடப்பார்.

நித்திரை வரவில்லை என்றால் நாம் முதலில் தேடுவது குளிசையைத்தான். ஏன் வரவில்லை என்ற கேள்வி பிறகுதான் வரும், பல நேரம் வருவதே இல்லை. ஆனால் இந்த ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் பல வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு உதவும் மருந்து இன்னொன்றை மோசமாக்கும்.

நித்திரை எப்படி வருகிறது? விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது கூடக் கூடக் கண் சொக்கும், நித்திரையில் குறையும். இதோடு, கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து நேரம் பார்க்கும் ஒரு மணிக்கூடும் மூளைக்குள் ஓடுகிறது. இருட்டினதும் மெலடோனினைச் சுரக்கவைத்து உடம்பை இரவுக்குத் தயார்படுத்துவது அதுதான். பின்னேரம் ஆறு மணிக்குக் குடிக்கும் பிளேன்ரீயில் உள்ள கஃபீன், அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களை அடைத்துவிடும். ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் கழித்தும் அதில் பாதி உடம்பில் நிற்கும். மத்தியானம் இரண்டு மணித்தியாலம் படுத்தெழும்பினால், இரவுக்கென்று சேர்ந்த சொக்கில் ஒரு பங்கு அப்போதே செலவாகிவிடும். மாமிக்கு இரண்டும் பழக்கம்.

டயசிபாம் வேலை செய்யும் வழி வேறு. மூளையின் பரபரப்பை அடக்கும் பிரேக் மாதிரியான பொருள் ஒன்று உண்டு, காபா என்று பெயர். குளிசை அந்தப் பிரேக்கை இன்னும் அழுத்தும். துக்கம் தாங்க முடியாத சில நாட்களுக்கு அது நல்ல உதவி. கிழமைக்கணக்கில் தொடரும்போது மூளை அதற்குப் பழகிவிடும், அதே அளவு போதாமல் போகும். திடீரென்று நிறுத்தினால் நித்திரை முன்பைவிடக் கெடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்புக்கூட வரலாம். வயதானவர்களின் உடம்பைவிட்டு அது வெளியேற நாட்கள் எடுக்கும். இரவில் சலம் கழிக்க எழும்பும்போது தடுமாறி விழுந்து இடுப்பு முறிகிற ஆபத்து அவர்களுக்குக் கூட.

சரி, நோயை எப்படிப் பிரித்தறிவது? பெரும்பாலும் பேச்சிலேயே தெரிந்துவிடும். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை தரம் விழிக்கிறீர்கள், குறட்டை உண்டா என்று டொக்டர் கேட்பார். இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிவரச் சொல்வார். கிழமைக்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நித்திரையின்மை.

குறட்டைக் கேள்விக்குப் பக்கத்தில் படுப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய குறட்டை சட்டென்று நின்று, பத்து வினாடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறி இழுத்தால் தொண்டை அடைபடுகிறது என்று அர்த்தம். ஒக்சிசன் இறங்க, மூளை அவரை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கும். மணித்தியாலத்துக்கு ஐந்து தரம் நடந்தாலே அது கணக்கில் எடுக்க வேண்டியது, முப்பது என்றால் கடுமையானது. பகலில் ஆட்டோ ஓட்டும்போது கண் சொருகுவது இவர்களுக்குத்தான். இப்படிப்பட்டவருக்கு நித்திரைக் குளிசை கொடுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளரலாம், எழுப்பும் மூளையும் மந்தமாகும். இவருக்குத் தேவை மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம். 1981இல் சிட்னியில் கொலின் சல்லிவன் இதை முதலில் அறிமுகப்படுத்தினார். உடல் எடையைக் குறைப்பதும் சரிந்து படுப்பதும் உதவும்.

படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, ஆட்டினால்தான் சுகம் என்பவர்களுக்கு இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது அடிக்கடி வரும். தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசையைச் சிலர் நித்திரைக்கென்று எடுக்கிறார்கள், கால் உளைச்சலை அது கூட்டும்.

சண்டைக் காலமும் 2004 மார்கழி 26 சுனாமியும் கனவில் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் நம் கடலோரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த நினைவுக்கான உளவியல் சிகிச்சை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

மாமியின் கொப்பியில் பார்த்தால், எட்டரை மணிக்கே படுத்து ஐந்து மணிக்கு எழும்புகிறார். எட்டரை மணித்தியாலம் கட்டிலில், நித்திரை ஐந்தரைதான். மிச்சம் மூன்று மணித்தியாலமும் புரண்டு புரண்டு, கட்டில் என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை படித்துவிட்டது. இதற்கு முதல் சிகிச்சை குளிசை இல்லை, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சி. படுக்கும் நேரத்தைப் பதினொன்றரைக்குத் தள்ளினோம், எழும்புவது அதே ஐந்து மணி. இருபது நிமிடத்தில் கண் அயராவிட்டால் எழுந்து விறாந்தையில் இருக்க வேண்டும், சொக்கினால் மட்டும் திரும்பலாம். முதல் கிழமை மாமி என்னைத் திட்டாத நாளில்லை. மூன்றாம் கிழமையில் படுத்த நேரத்தில் பெரும்பகுதி நித்திரையானதும், கிழமைக்குக் கால் மணித்தியாலமாகக் கூட்டினோம். வலிப்புள்ளவர்களும் வாகனம் ஓட்டுபவர்களும் இதை வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அப்புறம்தான் குளிசையில் கை வைத்தோம். பாதியை இன்னும் பாதியாக வெட்டப் போனால் கத்தி பட்டதும் பொடியாகிவிடுகிறது. அதனால் டொக்டர் 2 மில்லிகிராம் குளிசையாக மாற்றி எழுதித் தந்திருக்கிறார். அடுத்த மாதம் அதிலும் பாதி.