சொல் விளக்கம்: ஃபிரான்சைஸ்

எங்கள் பத்திரிகைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் விளையாட்டுச் செய்தி ஒன்றை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ‘வாக்குரிமை கிரிக்கெட்டால் சர்வதேச ஆட்டங்களுக்கு ஆபத்து.’ அவர் முகம் சுருங்கிப்போனது. “அகராதியில அப்படித்தான் சார் போட்டிருக்கு” என்றார். எடுத்துப் பார்த்தேன். ஃபிரான்சைஸ் என்ற சொல்லுக்கு நேரே வாக்குரிமை என்றுதான் இருந்தது. பையன் மேல் தப்பில்லை. அன்று சாயங்காலம் டீ குடிக்கப் போன கடையின் கண்ணாடியில் இன்னொரு பொருள் ஒட்டியிருந்தது: ‘ஃபிரான்சைஸ் வாய்ப்பு உண்டு, தொடர்புகொள்ளவும்.’

ஓட்டு, டீக்கடை, சூப்பர் கிங்ஸ். மூன்றுக்கும் எப்படி ஒரே சொல் வந்தது?

வேரைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். ஆனால் வழியில் பறங்கிமலையில் ஒரு நிமிடம் நிற்கலாம். இன்றைய பிரான்ஸ் இருக்கும் நிலத்தை 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வென்று ஆண்ட ஜெர்மானியக் குடியினர் ஃபிராங்குகள். நாட்டின் பெயரே அவர்களால் வந்ததுதான். அரபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் எல்லாரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அது இங்கே வந்து ‘பறங்கி’ ஆனது. போர்ச்சுகீசியர் கோயில் கட்டிய மலை பறங்கிமலை, அயலிலிருந்து வந்த காய் பறங்கிக்காய். ஐபிஎல் அணியைக் குறிக்கும் சொல்லும் சாம்பாரில் போடும் காயும் ஒரே வேரில் வந்து நிற்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆண்ட குடி என்பதால் அந்த நாட்டில் முழுச் சுதந்திரமும் ஃபிராங்குகளுக்கே இருந்தது. அதனால் ‘ஃபிராங்க்’ என்றாலே கட்டுப்படாதவன் என்று பொருள் வந்தது. ‘ஃபிராங்கா சொல்றேன்’ என்று நாம் பேசுவதும் அதே சொல்தான். அதிலிருந்து பிறந்த ஃபிரான்சைஸ் பழைய பிரெஞ்சில் சுதந்திரத்தையும் விலக்கையும் குறித்தது. ஓர் ஊருக்கோ மடத்துக்கோ மன்னர் வரி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அது ஃபிரான்சைஸ். நம் கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்று வருவதற்குப் பக்கத்தில் வைக்கலாம். இங்கிலாந்துக்குப் போனபோது பொருள் இன்னும் இறுகியது. சந்தை கூட்டவும், படகுத்துறையில் கட்டணம் வாங்கவும் அரசர் ஒருவருக்குக் கொடுக்கும் தனி உரிமை என்றாயிற்று. இந்த ‘கொடுக்கப்பட்ட உரிமை’யிலிருந்து ஒரு கிளை வாக்குரிமைக்குப் போனது. இன்னொரு கிளை அமெரிக்காவில் வியாபாரத்துக்குப் போனது: ஒரு நிறுவனத்தின் சரக்கை ஒரு வட்டாரத்தில் விற்கும் உரிமை. அங்கிருந்து பேஸ்பால் மைதானத்துக்குள் புகுந்தது. 1876இல் தொடங்கிய அவர்களுடைய நேஷனல் லீக்கில் ஊருக்கு ஒரு சங்கம் என்று ஏற்பாடு. அந்த ஊர் அந்தச் சங்கத்தின் எல்லை. வேறொருவர் உள்ளே வர முடியாது.

கிரிக்கெட்டுக்கு இந்த ஏற்பாடு முழுதாக வந்தது 2008 ஜனவரி 24 அன்று, ஐபிஎல் அணிகளுக்கான ஏலத்தில். சென்னையை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. அன்று அந்த நிறுவனம் வாங்கியது என்ன? வீரர்களை இல்லை, அவர்கள் ஏலம் அடுத்த மாதம்தான். சேப்பாக்கம் மைதானத்தையும் இல்லை. இந்திய கிரிக்கெட் வாரியம் நடத்தும் போட்டியில் சென்னை என்ற பெயரில் ஓர் அணியை இறக்கும் உரிமையை மட்டும்தான். ஜனவரியில் உரிமை இருந்தது, அணி இல்லை.

2016, 2017இல் அணி கலைந்தது. சூதாட்ட விவகாரத்தில் இரண்டு ஆண்டு தடை. தோனி புணேக்குப் போனார், ரெய்னா குஜராத்துக்குப் போனார். உரிமை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. 2018இல் உரிமையும் வந்தது, அணியும் வந்தது, காவிரிப் போராட்டத்தால் ஊர் கைவிட்டுப் போனது. சொந்த ஊரில் ஆட வேண்டியவற்றில் சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம், மீதி எல்லாம் புணேயில். அந்த ஆண்டு கோப்பையும் இவர்களுக்கே. ஆக உரிமை வேறு, அதை வைத்திருப்பவர் வேறு, களத்தில் ஆடும் அணி வேறு. ஆங்கிலத்தில் மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். தமிழில் நாமும் அப்படிக் குழப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

தமிழில் புழங்கும் சொற்களைப் பார்ப்போம். ‘கிளையுரிமை’ டீக்கடைக்கு அருமையான சொல். தலைமைக் கடை ஒன்று, அதன் பெயரில் கிளைகள். ஐபிஎல்லில் அப்படித் தலைமை அணி எதுவும் இல்லை, சென்னை அணி மும்பைக்குக் கிளை கிடையாது. (ஜோகன்னஸ்பர்க்கிலும் டெக்சாஸிலும் ஒரு சூப்பர் கிங்ஸ் வந்த பிறகு, அவற்றைக் கிளை என்று தாராளமாகச் சொல்லலாம்.) ‘உரிமம்’ என்றால் ஓட்டுநர் உரிமம் மாதிரி காலாவதி ஆகும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘குத்தகை’யும் அப்படியே, தவணை முடிந்தால் திருப்பித் தர வேண்டும். ஐபிஎல் உரிமைக்குப் பத்து ஆண்டு தவணையில் பணம் கட்டினார்கள். அதற்குப் பிறகும் உரிமை அவர்களுடையதே, வருமானத்தில் வாரியத்துக்குப் பங்கு கொடுத்தால் போதும். விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். உண்மையில் இதற்குப் பொருந்தும் பழந்தமிழ்ச் சொல் ‘காணி’. தலைமுறையாக ஆளவும், வேண்டுமானால் விற்கவும் கூடிய நிலவுரிமை. ஆனால் ‘காணி கிரிக்கெட்’ என்று தலைப்புப் போட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

என் பரிந்துரை: உரிமைக்கு ‘அணியுரிமை’, வைத்திருப்பவருக்கு ‘அணியுரிமையாளர்’, ஆடுவோருக்கு வெறும் ‘அணி’. இப்படிப்பட்ட போட்டிக்கு ‘உரிமையணி லீக்’.

கம்பெனி பணம் போட்டால் எல்லாம் உரிமையணி ஆகிவிடாது. ஐபிஎல் வருவதற்குப் பல காலம் முன்பே சென்னையின் கிளப் லீக்கில் கம்பெனிகளின் கை இருந்தது. ஜாலி ரோவர்ஸுக்குப் பின்னால் சன்மார், இந்தியா பிஸ்டன்ஸுக்குப் பின்னால் அமால்கமேஷன்ஸ். நல்ல பந்துவீச்சாளருக்கு வேலை போட்டுக் கொடுத்து இழுப்பார்கள். ஆனால் முதல் டிவிஷனில் இருக்க வேண்டுமானால் ஜெயிக்க வேண்டும், தோற்றால் கீழே இறங்க வேண்டும். அணியுரிமை வாங்கியவர் கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே இடத்தில் உட்காருவார்.

2007இல் தொடங்கிய ஐசிஎல்லும் (இந்தியன் கிரிக்கெட் லீக்) இந்தச் சொல்லுக்குள் வராது. அதன் முதல் போட்டியில் கோப்பை வென்றது ‘சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்’. இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அணிகள் எல்லாம் ஒரே நிறுவனத்துடையவை, வாரியத்தின் அனுமதி கிடையாது. ஆடியவர்களை வாரியம் தள்ளிவைத்தது. 1977இல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் ஒளிபரப்பு உரிமை கிடைக்காத கோபத்தில் தனிப் போட்டி நடத்தினாரே, அந்த வகை. இருவருக்கும் யாரும் உரிமை தரவில்லை, அவர்களாக எடுத்துக்கொண்டார்கள்.

உரிமை என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். தம்பியின் தலைப்பில் எனக்கு இருந்த உண்மையான சிக்கல் இதுதான். ‘ஃபிரான்சைஸ் கிரிக்கெட் சர்வதேச கிரிக்கெட்டை விழுங்குகிறது’ என்று எழுதினால் ஏதோ வெளியிலிருந்து வந்த பூதம் போலத் தோன்றும். தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ஆட வேண்டிய ஒருநாள் தொடரை விட்டுக்கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் நியூசிலாந்துக்குப் போன டெஸ்ட் அணிக்கு, அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடாத நீல் பிராண்ட் கேப்டன். இரண்டுக்கும் காரணம் அந்நாட்டின் டி20 லீக்கான எஸ்ஏ20. அந்த லீக் யாருடையது? பெரும்பங்கு தென்னாப்பிரிக்க வாரியத்துடையது. ஆறு அணியுரிமைகளையும் விற்றது அவர்களே, வாங்கியவர்கள் எல்லாரும் ஐபிஎல் அணியுரிமையாளர்கள். இப்படி எழுதிய கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அதே தென்னாப்பிரிக்கா 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி டெஸ்ட் சாம்பியன் ஆனது. நோயாளி என்று முடிவு கட்டியவர் எழுந்து ஓடினால் என்ன செய்வது!

வாரியங்கள் ஏன் விற்கின்றன என்பதற்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் பங்கீட்டைப் பார்த்தால் போதும். 2024 முதல் 2027 வரை வருமானத்தில் 38.5 சதவீதம் இந்தியாவுக்கு. அடுத்த இடத்தில் இருக்கும் இங்கிலாந்துக்கே 7 சதவீதம் வராது. சிறிய வாரியத்தின் கையில் விற்க வேறென்ன இருக்கிறது? இங்கிலாந்தும் 2025இல் ‘ஹண்ட்ரட்’ என்ற தன் லீக்கின் அணிகளுடைய பங்குகளை விற்றது. லீட்ஸ் அணியை முழுவதுமாக வாங்கியது நம் சென்னையின் சன் குழுமம்.

‘வாரியம்’ என்ற சொல்லையும் இங்கே விட்டுவிட முடியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வருகிறதே, அதே சொல். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டின்படி, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடவோலைக் குடத்துக்குள் போகாது. அவர் உறவினர் பெயரும் போகாது. இந்திய கிரிக்கெட் வாரியமோ, பொறுப்பில் இருப்பவரே ஐபிஎல்லிலும் பணம் போடலாம் என்று 2008இல் தன் விதியைத் திருத்திக்கொண்டது. உரிமையைக் கொடுக்கும் பக்கத்திலும் வாங்கும் பக்கத்திலும் ஒருவரே உட்காரலாம் என்று ஆயிற்று. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. இந்த வாரியம் சட்டப்படி ஒரு சங்கம், அதுவும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. ‘இந்திய அணி’ என்று நாம் விசிலடிப்பதும் அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பும் அணிக்குத்தான்.

ஆட்டக்காரருக்கு இதில் என்ன சுதந்திரம் வந்தது? டிரென்ட் போல்ட் 2022இல் நியூசிலாந்து வாரியத்தின் ஒப்பந்தத்தை விட்டார். நிக்கோலஸ் பூரன் 29 வயதிலேயே மேற்கிந்தியத் தீவுகள் அணியிலிருந்து ஓய்வு பெற்றார். பழைய பிரெஞ்சுப் பொருளில் இவர்கள் ‘ஃபிராங்க்’ ஆகிவிட்டார்கள் என்று சொல்லலாம். மற்றவர்கள் வெளிநாட்டு லீக்கில் ஆட வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இந்திய ஆடவருக்கு அதுவும் கிடைக்காது. மேற்கு மாம்பலத்து அஸ்வின் 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டத்தை விட்டார். வெளி லீக்குகளை யோசிக்க 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லையும் விட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ‘வாரியங்கள் விற்கும் அணியுரிமையால் சர்வதேச ஆட்டங்களுக்கு நெருக்கடி’ என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். தம்பிக்குப் பிடித்திருந்தது. பக்கம் அமைப்பவர் மூன்று பத்திக்குள் அடங்காது என்றார். காலையில் பார்த்தால், ‘ஐபிஎல் மாதிரி லீக்குகளால் ஆபத்து’ என்று அச்சாகியிருந்தது.