ரகுமானுக்கு எத்தனை மார்க்?

2009 பிப்ரவரியில் ரகுமான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய விழாவின் காட்சித் துணுக்கு ஒன்று போன வாரம் கைப்பேசிக்கு வந்தது. கீழே தமிழ் வசனம் ஓடியது: ‘சிறந்த அசல் மதிப்பெண்’. ஆங்கிலத்தில் ‘பெஸ்ட் ஒரிஜினல் ஸ்கோர்’, அதாவது படத்தின் பின்னணி இசைக்கான விருது. மனிதர் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு இசையமைத்தாரா, பிளஸ் டூ பரீட்சை எழுதினாரா? முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். இது நான்காவது தடவை.

ஸ்கோர் என்ற சொல்லின் கதை சின்னதுதான். பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குக் கோலில் போடும் வெட்டு என்று பொருள். வெட்டுப் போட்டு எண்ணியதிலிருந்து கணக்கு, கடன், ஆட்டப் புள்ளி எல்லாம் வந்தன. பல வாத்தியங்களின் வரிகளை ஒரே தாளில் எழுதி மேலிருந்து கீழாகக் கோடு இழுத்ததால் இசைத்தாளும் ஸ்கோர் ஆனது என்பார்கள். அங்கிருந்து சினிமாவுக்கு வந்து பின்னணி இசைக்குப் பெயரானது.

மதிப்பெண்ணாவது வெகுளித்தனமான பிழை. எனக்கு எரிச்சல் தருவது, ஸ்கோருக்கு விவரம் தெரிந்தவர்கள் பெருமையோடு எழுதும் ‘இசைக்கோர்ப்பு’. ‘பின்னணி இசை’ என்றால் மட்டமாகத் தெரிகிறதாம். முதலில் கோர்ப்பு என்பதே வழு. பூவைக் கோத்தோம், மாலை கோத்தோம். அந்த ‘ர்’ எங்கிருந்து வந்தது? சரி, திருத்தி ‘இசைக்கோப்பு’ என்று எழுதிப் பாருங்கள். கணினியில் கிடக்கும் எம்பி3 ஆகிவிடும். வழுவை மன்னித்தாலும் பொருள் நிற்கவில்லை. பாட்டுக்கும் இசையைக் கோக்கத்தான் செய்கிறார்கள். பாட்டிலிருந்து பிரித்துக் காட்டாத சொல் இங்கே எதற்கு? 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் பாட்டுக்குத் தனியாக, பின்னணி இசைக்குத் தனியாக என்று பிரித்தே கொடுத்தார்கள். பின்னணி இசை விருது, மலையாளப் ‘பழசி ராஜா’வுக்காக இளையராஜாவுக்கு. இரண்டையுமே இசைக்கோர்ப்பு என்றால் எந்த விருது யாருக்கு?

பின்னணி என்றால் மட்டம் என்பதும் சரியில்லை. கூத்தில் பின்பாட்டுக்காரர் பின்னால்தான் நிற்கிறார். அவர் வாயை மூடினால் ராஜா வேஷக்காரர் பாடு திண்டாட்டம். 1960இல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றார் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்காமல் எழுதினார். வெறும் தந்தி வாத்தியங்கள்; வயலின்கள் கிறீச்சிட்டு இறங்கும். கேட்ட பிறகு இயக்குநரே மனம் மாறினார். இன்று அந்தக் காட்சியை நினைத்தால் கத்திக்கு முன்னால் அந்தக் கிறீச்சல்தான் காதுக்கு வருகிறது. இது பின்னால் இருக்கிற இசையா என்று கேட்பீர்கள். நிற்கிற இடம் பின்னால்தான், ஐயா, வேலைதான் முன்னால்.

பின்னணிப் பாடகர் என்பதோடு குழம்பும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஓரளவு நியாயம்தான். ஆனால் இதுவரை யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை.

கோடம்பாக்கத்துக்காரர்கள் பின்னணி இசையை ‘ஆர்.ஆர்.’ என்பார்கள், ரீ-ரெக்கார்டிங்கின் சுருக்கம். இளையராஜா படத்தைப் பார்த்துவிட்டுத் தாளில் கையால் எழுதுவார். அதைப் பார்த்துக் கலைஞர்கள் வாசிப்பார்கள். கையில் இருக்கும் தாளும் ஆங்கிலத்தில் ஸ்கோர், படத்தில் கேட்பதும் ஸ்கோர். தமிழில் தாள் இசைக்குறிப்பு, கேட்பது பின்னணி இசை. நம்மிடம்தான் தெளிவு இருக்கிறது. அதைப் போய்க் குழப்புகிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டுவதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது.

அப்புறம் அந்த ‘அசல்’. மற்றதெல்லாம் போலியா? அந்தப் படத்துக்கென்றே புதிதாக எழுதியது என்பதுதான் அங்கே பொருள். ‘சிறந்த புதிய பின்னணி இசை’ என்று போட்டிருந்தால் நானும் ரகுமானை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்திருப்பேன்.