கப்பா எண் சரிதான், வாஷரைப் பார்த்தீர்களா?

காகித ஆலையில் மரக்கூழை வெளுக்கும்போது வெண்மை குறைந்தால், ஷிப்டில் முதலில் கை போவது வெளுக்கும் ரசாயனமான குளோரின் டையாக்சைடின் அளவைக் கூட்டத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நைட் ஷிப்டில் கூட்டிக்கொண்டே போனோம், வெண்மை அசையவில்லை. லேபில் கேட்டால், கூழில் மிச்சமிருக்கும் லிக்னினை (மரத்தின் நார்களை ஒட்டிவைக்கும் பொருள்) காட்டும் கப்பா எண் 17, வழக்கமானதுதான் என்றார்கள். விடிந்த பிறகு பார்த்தால், பிளீச்சிங்குக்கு முன் கூழை அலசும் கடைசி வாஷரின் ஷவர் குழாயில் பாதித் துளைகள் அடைத்துக் கிடந்தன.

லேப் சொன்னதில் பிழையில்லை. கூழ் எவ்வளவு பெர்மாங்கனேட்டைச் செலவழிக்கிறது என்பதுதான் கப்பா எண். 0.15-ஆல் பெருக்கினால் லிக்னின் சதவீதம் தோராயமாக வந்துவிடும். 17 என்றால் சுமார் 2.5. ஆனால் சோதனைக்கு முன் மாதிரியை நன்றாக அலசிவிடுவார்கள். நாரில் ஒட்டியிருப்பது மட்டும் கணக்கில் வரும். பிளாக் லிக்கரில், அதாவது மரத்தை வேகவைத்த பின் மிஞ்சும் கருப்புக் கரைசலில், கரைந்து கூழோடு வந்த லிக்னின் அலசும்போதே போய்விடும். பிளீச்சிங் டவருக்குப் போகிற கூழை அப்படி யார் அலசுகிறார்கள்? நாரில் இருக்கிற லிக்னினைத் தேடிப் போக வேண்டிய டையாக்சைடு, வழியிலேயே இந்தக் கரைசலில் செலவாகிவிடுகிறது. கூடவே வரும் காரம் பிளீச்சிங்கின் முதல் கட்டத்தின் பிஎச்சையும் ஏற்றிவிடும். அமிலச் செலவு திடீரென்று கூடினால் எனக்கு முதல் சந்தேகம் வாஷர் மேல்தான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. யூகலிப்டஸ் போன்ற மரங்களைக் காரத்தில் வேகவைக்கும்போது சைலான் என்ற மரச் சர்க்கரைப் பொருளிலிருந்து ஹெக்செனுரோனிக் அமிலம் உருவாகிறது. இது லிக்னினே அல்ல. ஆனாலும் பெர்மாங்கனேட்டைச் சாப்பிட்டுக் கப்பாவை ஏற்றிக் காட்டும். வெளுக்கப் பயன்படும் ஆக்சிஜனுக்கும் பெராக்சைடுக்கும் அசையாது, ஆனால் டையாக்சைடைத் தின்னும். மிச்சம் இருந்தால் வெளுத்த கூழ் பிற்பாடு மஞ்சளாகும். பிஎச் 3 முதல் 3.5 வரை வைத்து, 90 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் சூடாக்கினால் பெரும்பகுதி போய்விடும்.

கண்டபடி டையாக்சைடு ஏற்றினால் செலவோடு முடியாது. லிக்னினோடு குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள் கழிவுநீரில் கூடும். வினையாகாமல் மிஞ்சிய வாயு அடுத்த வாஷரின் மேல் கிளம்பும். வாயு மாஸ்க் இல்லாமல் அங்கே எட்டிப் பார்க்க வேண்டாம்.

சரி, சுலபமான சோதனை ஒன்று: பிளீச்சிங்குக்கு முன்னால், கடைசி வாஷர் கூழைக் கையுறையோடு எடுத்துப் பிழியுங்கள். சாறு கட்டங்காபி நிறத்தில் வந்தால் டையாக்சைடு வால்வை விட்டுவிட்டு ஷவரைப் பாருங்கள்.